ஜூரியில் ‘உங்கள் கான்செப்ட் என்ன?’ என்று கேட்கும்போது எதைக் கேட்கிறார்கள்?

நீங்கள் எழுதியதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டு ஆர்க்கிடெக்சர் மாணவரான உங்களுக்கு இந்தப் பருவத்தில் கொடுக்கப்பட்ட வேலை, ஒரு மாவட்டத் தலைநகரில் பொது நூலகம். விரித்து வைத்த புத்தகத்தைப் போலக் கூரையை அமைத்து, மாடலும் செய்து கொண்டுபோயிருக்கிறீர்கள். ‘இது உருவம், கான்செப்ட் அல்ல’ என்று ஜூரியில், அதாவது மாணவர் வேலையை மதிப்பிடும் குழுவின் முன், ஒதுக்கிவிட்டார்கள். உடன் படிக்கும் தோழி ‘வெளிச்சம்’ என்று ஒரே சொல்லை ஷீட்டின் தலைப்பில் எழுதிவைத்துப் பாராட்டு வாங்கினார். ஆகவே கான்செப்ட் என்பது என்ன, அது எங்கிருந்து வரும், வேலைக்குப் போன பிறகு அதனால் ஏதாவது பயன் உண்டா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று நினைக்கிறேன். ஓர் எண்ணம் கட்டடத்துக்குள் இறங்கி வேலை செய்கிறதா, அல்லது மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை, அடுத்தவர் சொல்வதற்கு முன் நானே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அது. அதற்குத்தான் பதில் எழுத முயல்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் செய்கிறேன். பெரும்பாலும் வீடுகள், சில பள்ளிக் கட்டடங்கள், இரண்டு சிறிய மருத்துவமனைகள். அதோடு வாரத்தில் இரண்டு நாள் டிசைன் ஸ்டூடியோவில் பாடம் எடுக்கிறேன், ஜூரிகளில் உட்கார்ந்திருக்கிறேன். உயரமான கோபுரங்களையோ விமான நிலையங்களையோ நான் வடிவமைத்ததில்லை. அவ்வளவு பெரிய கட்டடங்களுக்கு நான் சொல்வது எந்த அளவு பொருந்தும் என்பதை அவற்றைச் செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டூடியோவில் நான் பயன்படுத்தும் சோதனை எளியது. உங்கள் கான்செப்ட் ஷீட்டை எடுத்து அப்பால் வைத்துவிடுங்கள். அந்த எண்ணம் இல்லாமலேயே பிளானும் (மேலிருந்து பார்க்கும் தள வரைபடம்) செக்‌ஷனும் (கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வரைபடம்) இப்போது இருப்பதைப் போலவே இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றால் அது கட்டடத்துக்குள் இறங்கவே இல்லை. திறந்த புத்தகக் கூரையைக் கழற்றிவிட்டுத் தட்டையான காங்கிரீட் தளத்தை வைத்தாலும் உங்கள் நுழைவாயிலும், புத்தக அடுக்குகளும், படிக்கும் மேசைகளும், கழிப்பறையும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று ஊகிக்கிறேன். உங்கள் வரைபடங்களைப் பார்க்காமல் சொல்வதால் இது ஊகம்தான். ஆனால் ஜூரியில் சொன்னதன் பொருள் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஓர் எண்ணம் உண்மையில் வேலை செய்யும்போது, நீங்கள் விரும்பிய சிலவற்றை அது வேண்டாம் என்று சொல்லும். அது உங்களைத் தடுத்த இடங்களைக் காட்ட முடிந்தால், ஜூரியில் நீங்கள் பேசவே தேவையில்லை.

திறந்த புத்தகம் என்ற உருவத்தை உலகின் பெரிய நூலகங்களில் ஒன்றே எடுத்துக்கொண்டிருப்பதால், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்வது உங்களுக்குப் பயன்படும். பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்துக்காக 1989இல் நடந்த போட்டியில் தொமினிக் பெரோ என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வென்றார்; அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. ஒரு பெரிய செவ்வக மேடையின் நான்கு மூலைகளிலும் எழுத்து ‘ட’ போல மடங்கிய நான்கு கோபுரங்கள், ஒவ்வொன்றும் 79 மீட்டர் உயரம், நான்கு புத்தகங்களைத் திறந்து நிறுத்திவைத்ததைப் போல நிற்கின்றன. நடுவில் மேடைக்குக் கீழே இறங்கிய ஒரு பெரிய தோட்டம், மரங்களோடு. படிப்பவர்கள் அந்தத் தோட்டத்தைச் சுற்றிக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தகங்களில் கணிசமான பகுதி மேலே கண்ணாடிக் கோபுரங்களில். இந்த அமைப்பைக் கேட்டவுடன் ஒரு பாட்டிக்குக்கூடத் தோன்றும் கேள்வி ஒன்று உண்டு: காகிதத்துக்கு ஆகாதது வெயில், அப்படியிருக்க புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் உயரத்தில் வைப்பானேன்? இந்தக் கேள்வியைத்தான் அப்போது பலரும் எழுப்பினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மரப்பலகைத் தடுப்புகளை வைத்துத்தான் வெயிலைச் சமாளித்திருக்கிறார்கள். அதாவது புத்தகம் என்ற உருவம், புத்தகம் என்ற பொருளோடு மோதியது. ஆனாலும் அந்தக் கட்டடத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நகரத்தின் நடுவே ஒரு வெற்றிடத்தை உண்டாக்கி, அதற்குள் ஒரு காட்டை இறக்கி, அதைப் பார்த்தபடி வாசகரை உட்கார வைத்தது பலமான எண்ணம்; அந்த எண்ணத்தை எடுத்துவிட்டால் பிளானே இல்லை. ஒரே கட்டடத்தில் ஓர் எண்ணம் உள்ளே இறங்கியும் இன்னொன்று மேலே நின்றும் இருப்பதை இங்கே பார்க்கலாம்.

இதற்கு எதிரே அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கானின் நூலகத்தை வையுங்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் எக்ஸெட்டர் என்ற ஊரில் ஒரு பள்ளிக்காக அவர் வடிவமைத்து, 1971இல் திறக்கப்பட்டது அது. ஒருவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை நோக்கிப் போகிறார், நூலகம் அங்கே தொடங்குகிறது என்பது கானின் எண்ணம். இதில் ஒரு மனிதர் இருக்கிறார், ஒரு பொருள் இருக்கிறது, ஒரு செயல் இருக்கிறது. அந்தச் செயல் அப்படியே பிளானாக மாறியிருக்கிறது. வெளி வளையம் செங்கல். அதில் ஜன்னலையொட்டித் தனித்தனிப் படிப்பு மேசைகள். அதற்குள் காங்கிரீட்டாலான இரண்டாவது வளையம். கனமான புத்தக அடுக்குகள் அங்கே, வெயில் படாமல். நடுவே உயரமான கூடம். அதன் சுவர்களில் வெட்டப்பட்ட பெரிய வட்டத் திறப்புகளின் வழியே எல்லாத் தளங்களின் புத்தகங்களும் உள்ளே நுழைபவரின் கண்ணில் படுகின்றன. வாசகர் நடுவிலிருந்து புத்தகத்துக்கும் புத்தகத்திலிருந்து ஜன்னலுக்கும் நடக்கிறார். ஒவ்வொரு மேசைக்கும் உட்கார்ந்தவரின் கண்ணளவில் ஒரு சிறிய ஜன்னலும், தள்ளி மூடிக்கொள்ள ஒரு மரக்கதவும் உண்டு. மேலே பெரிய கண்ணாடி பொதுவான வெளிச்சத்துக்கு. வெளிச்சுவரின் செங்கல் தூண்கள் மேலே போகப் போகப் பாரம் குறைவதால் ஒடுங்குகின்றன, ஜன்னல்கள் அகலமாகின்றன. எலிவேஷன், அதாவது வெளி முகப்பு, தனியாக வரையப்பட்டதாகவே தெரியவில்லை. உள்ளே எடுத்த முடிவுகள் வெளியே தாமாகத் தெரிகின்றன.

உங்கள் தோழியின் ‘வெளிச்சம்’ பாராட்டப்பட்டதற்குக் காரணம் இப்படி ஏதோ ஒன்று அவருடைய பிளானில் நடந்திருக்கலாம். ஆனால் ‘வெளிச்சம்’ என்ற சொல் மட்டும் புத்தகக் கூரையைவிட மேலானது என்று எண்ணிவிடாதீர்கள். எந்த வெளிச்சம், யாருக்கு, எந்த மணிக்கு என்று சொல்லாதவரை அதுவும் வெறும் தலைப்புதான். எக்ஸெட்டர் ஏறக்குறைய 43 பாகை வட அட்சத்தில் இருக்கிறது; அங்கே வெயிலை நோக்கி நகர்வது சுகம். நம் ஊரில் மேற்கு ஜன்னலோரம் மாலை மூன்று மணிக்கு யாரும் உட்கார மாட்டார்கள். கானின் எண்ணத்தை அப்படியே இங்கே பெயர்த்து நட்டால் அது பட்டுப்போகும். நம் வெயிலுக்கு ஓர் எண்ணம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க, முடிந்தால் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக்கு முறைப்படி அனுமதி கேட்டுப் போய் வாருங்கள். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, இளைஞரான ஜார்ஜ் நகஷிமா அங்கேயே தங்கி வேலையைப் பார்த்துக்கொண்ட கட்டடம். 1937இல் கட்டத் தொடங்கினார்கள். நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. முகப்பு முழுவதும் சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். கண்ணாடி ஜன்னல் கிடையாது. அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவு. காற்று போகும், பார்வை போகாது. கூரைத் தளத்தின் மேல் வளைந்த காங்கிரீட் ஓடுகள் இன்னொரு கூரையாக நிற்க, இரண்டுக்கும் நடுவே காற்று ஓடுகிறது. தனிமையும் காற்றும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க வேண்டும் என்ற ஒரே முடிவிலிருந்து கதவின் சட்டம்வரை எல்லாம் வந்திருக்கின்றன.

உருவத்திலிருந்து தொடங்குவதே தவறு என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தாமரை என்ற கான்செப்டை முதலாம் ஆண்டில் எடுக்காத மாணவர் குறைவு, அதற்காகத் திட்டு வாங்காதவரும் குறைவு. ஆனால் 1986இல் கட்டி முடிக்கப்பட்ட டெல்லி பஹாய் வழிபாட்டு இல்லம் தாமரையேதான். அதை வடிவமைத்த ஃபரிபோர்ஸ் சஹ்பா தாமரையை எப்படிப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். பஹாய் வழிபாட்டு இல்லத்துக்கு ஒன்பது பக்கங்கள் வேண்டும் என்பது அந்தச் சமயத்தின் விதி. மூன்று அடுக்குகளாக ஒன்பது ஒன்பது இதழ்கள், மொத்தம் 27, ஒன்பது வாசல்கள், சுற்றிலும் ஒன்பது குளங்கள். குளம் தாமரைக்கு அழகு சேர்க்கிறது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அதன்மேல் குளிர்ந்து வரும் காற்று அடித்தளத் திறப்புகளின் வழியே உள்ளே நுழைந்து, சூடேறி, உச்சியின் வழியே வெளியேறுகிறது. விதி, கணக்கு, காற்று மூன்றும் பூவுக்குள் இடம் பிடித்துக்கொண்டன. உருவம் அத்தனை சுமையைத் தாங்குமானால் அதை எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. உங்கள் புத்தகக் கூரையிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் அதுதான்: மழைநீர் புத்தகத்தின் நடு மடிப்பில் சேரும், அதை எங்கே கொண்டுபோகிறாய்?

இனி, எண்ணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இங்கே ஒரு மாணவரின் ஸ்டூடியோ வேலையைத்தான் உதாரணமாகக் காட்ட விரும்புகிறேன், ஏனென்றால் அது உங்கள் வயதில் செய்யப்பட்டது. வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்த அமெரிக்க வீரர்களுக்கான நினைவிடத்துக்கு ஒரு திறந்த போட்டி நடந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் இளங்கலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த மாயா லின், இறப்பு தொடர்பான கட்டடக் கலை பற்றிய ஒரு வகுப்புக்காகச் செய்த வேலையை அதற்கு அனுப்பினார். 1,400க்கும் மேற்பட்ட பதிவுகள், பெயர் இல்லாமல், எண்களோடு மட்டும் நடுவர்கள் முன் வைக்கப்பட்டன. 1981 மே மாதம் முடிவு வந்தபோது லினுக்கு இருபத்தொரு வயது. அதே வேலைக்கு வகுப்பில் தமக்கு ‘பி’ மதிப்பெண்தான் கிடைத்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜூரி முடிந்து சோர்ந்து வரும் மாணவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

அவர் செய்தது என்ன? போட்டியின் விதிகள் சில. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் அனைவரின் பெயரும் இருக்க வேண்டும். போரைப் பற்றி அரசியல் கருத்து எதுவும் சொல்லக்கூடாது. சுற்றுப்புறத்தோடு இசைய வேண்டும். பார்ப்பவரைச் சிந்திக்க வைக்க வேண்டும். லின் நேரில் அந்த இடத்துக்குப் போனார். அது பூங்காவின் நடுவே ஒரு புல்வெளி. அதைக் கத்தியால் கீறித் திறந்தால், காலம் போகப் போகப் புல் ஆறும், ஆனால் வெட்டிய முகம் ஒரு பளபளப்பான பரப்பாக நிற்கும் என்ற எண்ணம் அங்கே தோன்றியதாகச் சொல்கிறார். அதன்பின் வந்த முடிவுகள் எல்லாம் அந்தக் கீறலிலிருந்து வந்தவை. நிலத்துக்கு மேலே எதுவும் எழவில்லை. ஒவ்வொன்றும் சுமார் 75 மீட்டர் நீளமுள்ள இரண்டு கருங்கல் சுவர்கள், 125 பாகைக்குச் சற்று மேற்பட்ட கோணத்தில் சந்திக்கின்றன. ஒரு சுவரின் நீட்சி வாஷிங்டன் தூணையும் இன்னொன்றின் நீட்சி லிங்கன் நினைவகத்தையும் நோக்கிப் போகிறது. ஓரங்களில் சில அங்குலமாகத் தொடங்கும் சுவர், நீங்கள் இறங்க இறங்க உயர்ந்து, சந்திக்கும் இடத்தில் மூன்று மீட்டரைத் தாண்டுகிறது. அந்தக் கருங்கல் நம் பெங்களூருப் பகுதியிலிருந்து போனது. முகம் பார்க்கும் அளவுக்கு அதை மெருகேற்றியதால், பெயரைப் படிப்பவர் அந்தப் பெயரின்மேல் தம் முகத்தையும் பார்க்கிறார்.

பெயர்களின் வரிசையில்தான் அந்த மாணவியின் உறுதி தெரிகிறது. 1982இல் திறக்கும்போது ஏறக்குறைய 58,000 பெயர்கள். அகரவரிசையில் வைத்தால் உறவினர் தேடிக் கண்டுபிடிப்பது எளிது என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் அப்படி வைத்தால் ஒரே குடும்பப்பெயர் நூற்றுக்கணக்கில் அடுத்தடுத்து வந்து, தனி ஒருவரின் சாவு தொலைபேசிப் புத்தகத்தின் ஒரு வரியாகிவிடும். லின் இறந்த நாளின் வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டார். அதனால் ஒன்றாகச் சண்டையிட்டு ஒரே நாளில் விழுந்தவர்கள் கல்லிலும் பக்கத்தில் இருக்கிறார்கள். முதல் பெயர்கள் சுவர்கள் சந்திக்கும் மூலையில் தொடங்கி, கிழக்குச் சுவரின் ஓரத்தில் மண்ணுக்குள் மறைந்து, மேற்குச் சுவரின் ஓரத்தில் மீண்டும் எழுந்து, அதே மூலையில் வந்து முடிகின்றன. முதல் பெயர்களின் ஆண்டான 1959ம் கடைசிப் பெயர்களின் ஆண்டான 1975ம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வட்டத்தை மூடுகின்றன. தேடுபவர்களுக்கு அகரவரிசையில் அச்சிட்ட புத்தகம் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. இதைத்தான் நான் எண்ணம் என்கிறேன்: எளிதான வழியை மறுக்கிறது, அந்த மறுப்பால் வரும் சிரமத்துக்கும் பதில் வைத்திருக்கிறது. கடுமையான எதிர்ப்பு எழுந்து, 1984இல் மூன்று வீரர்களின் வெண்கலச் சிலை அருகில் சேர்க்கப்பட்டது. அதனாலும் சுவரின் ஒரு கோடுகூட மாறவில்லை.

ஆனால் இந்தக் கதையிலிருந்து, சைட்டுக்குப் போனவுடன் எண்ணம் மின்னலாக வரும் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். சிட்னி இசை நாடக அரங்குக்கான போட்டியில் டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோன் வென்றது 1957இல். வரைபடத்தில் இருந்த, சிப்பியைப் போல வளைந்த பெரிய கூரை ஓடுகள் கண்ணைக் கவர்ந்தன, ஆனால் அவற்றைக் கணக்கிட்டுக் கட்ட வழி தெரியவில்லை. எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுத்தவை போல ஆக்கினால் ஒரே வார்ப்பு அச்சில் திரும்பத் திரும்ப வார்க்கலாம் என்ற தெளிவு 1961இல்தான் கிடைத்தது. அந்தக் கட்டடத்தை நிற்கவைத்த எண்ணம் நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. கல்லூரியில் கான்செப்ட் ஷீட்டை முதல் வாரத்திலேயே கேட்பது நேர அட்டவணையின் தேவை. வடிவமைப்பு அந்த வரிசையில்தான் நடக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. என் வேலையில் பாதிக்கு மேல், எண்ணம் மூன்றாவது நான்காவது பிளானில்தான் தலைகாட்டியிருக்கிறது.

என் ஸ்டூடியோவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கடலோரச் சிற்றூர் ஒன்றுக்கு மீன் சந்தை வடிவமைக்க வேண்டும். ஒரு மாணவி முதல் ரெவியூவுக்கு மீன் செதில்களைப் போன்ற இரும்புத் திரையை வரைந்து வந்தார். திரையை எடுத்துவிட்டுப் பார்த்தோம். கையேட்டில் உள்ள அளவுகளின்படி இரண்டு நேர்வரிசையில் நாற்பது கடைகள். நான் வேறொன்றும் சொல்லாமல், பழைய சந்தையில் மூன்று நாள் விடியற்காலையில் போய் உட்கார்ந்து வரச் சொன்னேன். திரும்பி வந்தபோது அவருடைய நோட்டில் கட்டடம் எதுவும் இல்லை, தண்ணீர் இருந்தது. விற்கும் பெண்கள் தரையில் அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டியிலிருந்து உருகும் ஐஸ் தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் தரையின் சாய்வில் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு ஓடுகின்றன. மேட்டில் இருக்கும் இடத்துக்குத்தான் போட்டி. பள்ளத்தில் வயதானவர்கள், யாரும் துணையில்லாதவர்கள். தரையின் சாய்வே அங்கே யார் பெரியவர், யார் சிறியவர் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

‘ஒருவருடைய தண்ணீர் இன்னொருவரிடம் போகக்கூடாது’ என்று அவர் எழுதினார். அந்த வாக்கியம் மொத்தச் சந்தையையும் கலைத்துப் போட்டது. நேர்வரிசை உடைந்து, இருவர் இருவராக முதுகோடு முதுகு உட்காரும் சிறு மேடைகள் வந்தன. இருவருக்கும் நடுவே மூடிய வாய்க்கால், மேடையின் தளம் அதை நோக்கி மட்டும் சாயும். மேடை சுமார் இரண்டடி உயர்ந்ததால், நின்று வாங்குபவரின் கண்ணும் உட்கார்ந்து விற்பவரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்தன; வாங்குபவர் குனிந்து பேரம் பேச வேண்டியதில்லை, நடைபாதையும் காய்ந்து கிடந்தது. தூண்களின் இடைவெளி இரண்டு பேர் மேடையின் அளவிலிருந்து வந்தது. நாற்பது இடங்கள் முப்பத்தாறாகக் குறைந்ததை ஜூரியில் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள். முதுமையில் முழங்கால் வலியோடு இரண்டடி மேடையில் ஏற முடியுமா என்று நான் கேட்டேன். நடுவில் ஒரு படி வைத்தார், அது போதுமா என்பது எனக்கு இன்றும் நிச்சயமில்லை. கட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாணவர் வேலையின் பெரிய குறை அதுதான்: பயன்படுத்துபவர் வந்து தவறு என்று சொல்லும் நாள் அதற்கு வாய்ப்பதில்லை. ஆனால் செதில் திரையைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை, அவரும் அதைத் தேடவில்லை.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சொல்ல முடியாததையும் இங்கே பிரித்துவிடுகிறேன். பிளானையோ செக்‌ஷனையோ மாற்றாத எண்ணம் கட்டடத்தில் நிலைப்பதில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முகப்பில் மட்டும் இருக்கும் கான்செப்டைச் செலவு கூடும்போது முதலில் வெட்டுவார்கள். என் கண்முன்னே பலமுறை நடந்திருக்கிறது. இடத்தையும் மனிதரையும் நேரில் பார்ப்பதற்கு ஈடாகக் கணினித் திரையில் கேஸ் ஸ்டடி பார்ப்பது ஆகாது என்பதும் உறுதி. ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு தனி எண்ணம் வேண்டுமா என்று கேட்டால் தயங்குவேன். நல்ல வீடுகள் சில, நூறு சிறு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருப்பதாலேயே நன்றாக இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு வரியில் கான்செப்ட் எழுதச் சொன்னால் பொய்யாகத்தான் எழுத வேண்டியிருக்கும். மருத்துவமனை போன்ற சிக்கலான கட்டடத்தை ஒரே எண்ணத்தில் அடக்க முயல்வது நோயாளிக்கு நல்லதா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. ஜூரியின் ரசனை வேறு, கட்டடத்தின் தகுதி வேறு. இரண்டும் ஒன்றாக இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. உங்கள் ஜூரியில் சொன்னது சரியா என்பதை உங்கள் வரைபடங்களைப் பார்க்காமல் நான் தீர்ப்பாகச் சொல்லக்கூடாது.

வேலைக்குப் போன பிறகு இதற்குப் பயன் உண்டா என்ற கேள்விக்கு என் பதில், அங்கேதான் முழுப் பயன் என்பது. கல்லூரியில் கான்செப்ட் என்பது விளக்கிச் சொல்வதற்கு; தொழிலில் அது விட்டுக்கொடுப்பதற்கு உதவும் அளவுகோல். ஒரு கிராமப் பள்ளிக்கு வகுப்பறைகள் வடிவமைத்தபோது, பாதி வேலையில் பணம் குறைந்துவிட்டது. பிள்ளைகள் வகுப்புக்கு வெளியேதான் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள், ஆகவே அகலமான தாழ்வாரமே பள்ளியின் முதுகெலும்பு என்று நானும் தலைமையாசிரியரும் முன்பே பேசி வைத்திருந்தோம். அதனால் டைல்ஸையும் பூச்சையும் ஒரு முகப்புச் சுவரையும் மனக்கஷ்டமில்லாமல் விட்டுவிட்டு, எட்டடித் தாழ்வாரத்தில் ஓர் அங்குலம்கூடக் குறைக்காமல் கட்டினோம். அந்த எண்ணம் இல்லாதிருந்தால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எதுவும் இல்லாமல் ஆக்கியிருப்போம். கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியா தம் தொழிலின் தொடக்கத்தில், 1958 முதல் 1963 வரை அகமதாபாத் சபர்மதி ஆசிரமத்தில் கட்டிய காந்தி நினைவுச் சங்கிரகாலயம் என்ற அருங்காட்சியகத்தையும் இதே நோக்கில் பாருங்கள். ஆறு மீட்டர்ச் சதுரங்கள், செங்கல் தூண், ஓட்டுக்கூரை. சில சதுரங்கள் மூடியவை, சில திறந்தவை, நடுவில் ஒரு நீர்நிலை. பழைய ஆசிரமக் குடில்களின் அளவை மீறாமல் நிற்க வேண்டும், சேகரிப்பு வளரும்போது சதுரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு தேவைகளுக்கும் அந்த ஒரு சதுரமே பதில் சொல்கிறது. பின்னால் வருபவர் எப்படி நீட்டிக்க வேண்டும் என்பதையும் அந்த எண்ணமே சொல்லிவைத்துவிட்டது.

இனி உங்கள் நூலகத்துக்கு வருவோம். உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு நாள் முழுக்க, திறக்கும் நேரத்திலிருந்து மூடும்வரை உட்காருங்கள். காலையில் நாளிதழுக்காக வரும் பெரியவர்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் படித்த செய்தியைப் பேச விரும்புவார்கள், பேச இடம் இருக்காது. பத்து மணிக்குமேல் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் தங்கள் பையில் தங்கள் புத்தகங்களோடு வருவார்கள். அவர்களுக்கு நூலகத்தின் புத்தகம் பெரும்பாலும் வேண்டாம். மேசை, மின்விசிறி, செல்போனுக்குச் சார்ஜ், அமைதி, தண்ணீர், கழிப்பறை வேண்டும். வீட்டில் தனி அறை இல்லாத பெண்கள் பலருக்கு அந்த நாற்காலிதான் படிப்பறை. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள்; அதையும் போய்ப் பாருங்கள். புத்தகத்தைக் காப்பதும் கொடுப்பதும் நூலகம் என்று நமக்குக் கொடுக்கப்பட்ட பட்டியல் சொல்கிறது, ஆனால் நாற்காலிக்காக வருபவர்கள் அதற்குள் ஏற்கெனவே குடியேறிவிட்டார்கள். உங்கள் பிளானில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பேச விரும்பும் பெரியவருக்கும் பேச்சே கூடாத இளைஞருக்கும் நடுவில் உங்கள் கட்டடம் சுவரை வைக்கிறதா, முற்றத்தை வைக்கிறதா, உயர வித்தியாசத்தை வைக்கிறதா?

அடுத்த ரெவியூவுக்கு முழுக் கட்டடத்தையும் திரும்ப வரைய வேண்டாம். ஒரு மேசையில் ஒருவர் எட்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்கிறார் என்று வைத்துக்கொண்டு, அவருக்கும் ஜன்னலுக்கும் விசிறிக்கும் அவர் பின்னால் நடந்துபோகிறவருக்கும் உள்ள தூரத்தோடு ஒரே ஒரு செக்‌ஷனை 1:20 அளவில், ஆள் உருவத்தையும் சேர்த்து வரைந்து கொண்டுபோங்கள். வெளியே வேப்பமரம் இருந்தால் அதையும் வரையுங்கள். விருப்பம் இருந்தால் அதன் படத்தை எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.